கம்பி இல்லாமல் சுற்றிய மெஷின்கள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். புனேயில் அந்தக் கம்பெனி உன்னை நிதிப் பொறுப்புக்கு எடுத்துக்கொண்டது என்று சொன்னாய். நீ உட்காராமல் அங்குமிங்கும் நடந்தபடியே பேசுகிறாய் என்று குரலிலேயே தெரிந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேரவேண்டும், மூன்று வருஷத்தில் ஷேர் விலையை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று போர்டில் சொல்லியிருக்கிறார்கள், உன் சம்பளத்தில் பாதிக்கு மேல் அந்த விலையோடு கட்டியிருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "நீ இருந்தப்போ உங்க கம்பெனி ஷேர் மூணு மடங்கு ஏறிச்சேம்மா, எப்படிம்மா பண்ணீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்டாய். "அடுப்புல பால் வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் இத்தனை வருஷத்தில் சொல்லியிருப்பேன். எழுதினால்தான் நடுவில் நிறுத்தாமல் சொல்ல முடியும் என்று தோன்றியது. எழுதி முடித்தபின் இதை இன்னும் நாலு பேர் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். உன்னைப் போல அந்த நாற்காலியில் உட்காரப் போகிற பிள்ளைகள் ஊரெங்கும் இருக்கிறார்கள். ஆனால் முதலில் படிக்க வேண்டியவன் நீ, அதுவும் முதல் தேதிக்கு முன்னால்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பொய் எதுவும் இல்லை. உன் அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணக்கு எழுதுகிறவளாகச் சேர்ந்து மெல்ல மெல்ல மேலே வந்து நான் நிதிப் பொறுப்பை ஏற்றபோது எங்கள் ஷேர் பல வருஷமாக ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தது. மிக்ஸிக்கும் மேசை விசிறிக்கும் உள்ளே வைக்கிற காயிலை, அதாவது செம்புக் கம்பிச் சுருளை, சுற்றுவதுதான் எங்கள் தொழில், உனக்கு நினைவிருக்கும். புதிதாக எம்.டி. வந்தார். கெட்டிக்காரர், கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்படாதவர். வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "விலை ஏன் ஏறலைனு நீங்க நினைக்கிறீங்க மேடம்?" என்றார். நான் அவரைக் குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏர் கூலர் மோட்டார் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. மேல் வரிசை அட்டைப் பெட்டியில் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி. "ஷேர்ஹோல்டருங்க குடுத்த பணம் இங்க தூங்குது சார்" என்றேன். அவர் ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எழுப்பிடலாம்" என்றார்.

அடுத்த இரண்டு வருஷமும் நாங்கள் செய்தது எல்லாமே எழுப்புகிற வேலைதான். கூலர் மோட்டாரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு அந்தப் பிரிவையே நிறுத்தினோம். அதில் போட்ட ரூபாய் பேங்கில் போட்டிருந்தால் வருகிற வட்டியைக்கூடக் கொண்டுவரவில்லை. ஆறு மாதம் கடன் சொல்லிக்கொண்டிருந்த டீலர்களிடம் நானே நேரில் போய் உட்கார்ந்தேன். சும்மா கிடந்த நிலத்தை விற்று வட்டிக் கடனை அடைத்தோம். டிவிடெண்ட் சின்னதாகத்தான் கொடுத்தோம், ஆனால் ஒரு வருஷமும் நிறுத்தவில்லை. விலை அதன் தகுதிக்குக் கீழே கிடந்த சமயத்தில் மிச்சப் பணத்தை வைத்துக் கம்பெனியே தன் ஷேரைக் கொஞ்சம் திரும்ப வாங்கியது, அதனால் விற்காமல் இருந்தவர்களின் பங்கு கூடியது. இன்னொரு ஆபீசை வாங்கலாம், வேறு தொழிலில் இறங்கலாம் என்று வந்த யோசனைகளையெல்லாம் எம்.டி. ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பினார்: "இதுல போடற காசு நம்ம காயில்ல போட்டா வர்றதை விட ஜாஸ்தி வருமா?" ஒரு பெரிய வாடிக்கையாளர் எங்களை விட்டுப் போனபோது காலாண்டு முடிவு வரட்டும் என்று காத்திராமல் நாங்களே முந்திக்கொண்டு அறிவித்தோம். அன்றைக்கு விலை விழுந்தது. கொஞ்ச நாளில் தானாகத் திரும்பி வந்தது. இவர்கள் கெட்டதையும் மறைக்காமல் சொல்கிறவர்கள் என்று சந்தையில் ஒரு பேர் உண்டானது. விலை இரண்டு மடங்கு ஆனது.

நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். போட்ட பணம் எங்கே தூங்குகிறது என்று பார், எங்கே உழைக்கிறதோ அங்கே கொண்டுபோ, மிச்சம் இருந்தால் உரியவர்களுக்குத் திருப்பிக் கொடு, நடந்ததை நடந்தபடி சொல். இங்கேயே கடிதத்தை முடித்துவிடலாம். ஆனால் நீ மூன்று மடங்கு என்று கேட்டாய். அந்த மூன்றாவது மடங்கு வேறு மாதிரி வந்தது.

திருவண்ணாமலை பக்கம் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி எங்களுக்கு ஒரு சின்ன யூனிட் இருந்தது. நீ பார்த்ததில்லை. சுற்றிலும் வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை, நடுவில் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, உள்ளே இரண்டு வரிசையில் முப்பத்தாறு காயில் சுற்றுகிற மெஷின், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண். மிக்ஸி செய்கிற இன்னொரு கம்பெனி காயிலைத் தானே சுற்றிக்கொள்ள ஆரம்பித்ததும் அந்த யூனிட்டுக்கு வேலை நின்றது. பெண்களை "ஆர்டர் வந்ததும் கூப்பிடறோம்" என்று சொல்லி அனுப்பினோம். நாலு மாதம் ஆயிற்று. மூடிவிட்டோம் என்று வெளியே சொல்லவில்லை, ஆட்கள் பேரையும் பதிவேட்டிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு மடங்கான விலை அப்போது ஒரு இடத்தில் வந்து நின்றிருந்தது. எம்.டி. அதைத் தினமும் பத்து தடவை பார்க்கத் தொடங்கியிருந்தார். நானும்தான். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய மியூச்சுவல் ஃபண்டிலிருந்து, எங்கள் ஷேரை நிறைய வாங்குவதற்கு முன் யூனிட்களை நேரில் பார்க்க வருகிறோம் என்று தகவல் வந்தது.

"கீழ்பென்னாத்தூரும் ஓடற மாதிரி இருக்கணும் மேடம். ரெண்டு மணி நேரம்தான்" என்றார் எம்.டி.

"ஆர்டரே இல்லையே சார்."

"வரும். பேசிக்கிட்டுதான் இருக்கோம். வரப்போறதை கொஞ்சம் முன்னாடி காட்டறோம், அவ்வளவுதான்."

அவர் குரலில் பதற்றமே இல்லை. எனக்கும் அது அப்போது பெரிய பொய்யாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பழைய பெண்களைக் கூப்பிட்டால் நாலு மாதச் சம்பளத்தைக் கேட்பார்கள், வந்தவர்கள் எதிரே ஏதாவது பேசிவிடுவார்கள் என்று ஒரு ஏஜென்டைப் பிடித்தோம். அவன் அடி அண்ணாமலை பக்கத்திலிருந்து முப்பத்தாறு பெண்களை வேனில் கொண்டுவந்து இறக்கினான். பௌர்ணமி கிரிவலத்துக்குக் கடை போடுகிறவர்கள், மற்ற நாளில் கொல்லை வேலைக்குப் போகிறவர்கள். பழைய நீலக் கோட்டுகள் பெட்டியில் மடித்து இருந்தன. பழைய பெண்களின் பேர் போட்டு நெஞ்சில் குத்துகிற பட்டைகளும் இருந்தன. முப்பத்தாறு பேருக்கும் அவற்றை நானே குத்திவிட்டேன். ஏழாவது மெஷினுக்கு வந்தவள் பேர் அஞ்சலை. நான் குத்தின பட்டையைக் குனிந்து பார்த்து, "இது யாரு பேரு மேடம்?" என்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். "நிர்மலா. இன்னிக்கு ஒரு நாளைக்கு அது உன் பேரு" என்றேன். "நல்லாருக்குது" என்று சொல்லி விரலால் ஒருமுறை தடவிக்கொண்டாள்.

செம்புக் கம்பி விலை உனக்குத் தெரியும், அதை வீணாக்க மனமில்லாமல் கம்பி மாட்டாமலே மெஷினை ஓட்டச் சொன்னோம். கம்பியோடு ஓடும்போது அந்த மெஷின் கரகரவென்று எதையோ மென்றுகொண்டிருப்பது போலச் சத்தம் போடும். கம்பி இல்லாமல் ஓடும்போது யாரோ நிறுத்தாமல் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. முப்பத்தாறும் சேர்ந்து. தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வந்தவர்களை நாங்கள் தூரத்திலேயே நிறுத்தினோம். அப்படியும் ஒரு பையன், உன் வயசுதான் இருக்கும், வரிசைக்குள் நடந்துபோய் அஞ்சலையிடம் நின்று, "எத்தனை வருஷமா இங்க வேலை செய்யறீங்க?" என்று கேட்டுவிட்டான். யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அஞ்சலை மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒம்பது வருஷம் சார்" என்றாள். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். நிர்மலா வேலைக்குச் சேர்ந்து சரியாக ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் பட்டையைத் திரும்ப வாங்கும்போது, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அஞ்சலையைக் கேட்டேன். "தெரியல மேடம், வாய்ல வந்துச்சு" என்றாள்.

மறுநாள் காலை சென்னையில் ஆபீஸில் இருந்தேன். ஃபண்ட் வாங்க ஆரம்பித்துவிட்டது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏறலாம் என்று சந்தை வைத்திருக்கிற எல்லை வரைக்கும் விலை ஏறி நின்றது. எல்லோரும் என் மேசைக்கு வந்து கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது யூனிட் காவல்காரர் முனுசாமி போன் செய்தார். "மேடம், நேத்து வந்த லேடீசு இன்னிக்கும் வந்துட்டாங்க. கோட்ட எடுத்து மாட்டிக்கினு அவங்கவங்க மெஷின்ல போய் உக்காந்துக்கினாங்க. கரென்டு போடலாமானு கேக்கறாங்க." ஏஜென்ட் அவர்களிடம் ஒரு நாள் வேலை என்று சொல்லவே இல்லை. நிரந்தர வேலை, கம்பெனி வேலை என்று சொல்லித் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டான். எம்.டி.யிடம் ஓடினேன். அவர் "வரட்டுமே மேடம். ஃபண்ட்காரங்க சொல்லாம கொள்ளாம மறுபடி வந்தாலும் வரலாம். காலாண்டு முடியற வரைக்கும் கூலி குடுத்துடுங்க" என்றார். முனுசாமிக்கு நான்தான் போன் செய்து கரென்ட் போடச் சொன்னேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் முப்பத்தாறு பெண்கள் காலை எட்டரைக்கு வந்து, ஒன்றுமே இல்லாததைச் சாயங்காலம் வரை சுற்றிவிட்டுப் போனார்கள். வாரத்துக்கு ஒருமுறை நான் போய்ப் பார்த்தேன். முதல் வாரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாரம் பேச்சு குறைந்திருந்தது. ஒருத்தி தோள்பட்டை வலிக்கிறது என்று எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தாள். இன்னொருத்தி, "எங்க வரிசைதான் மேடம் ஜாஸ்தி சுத்துது, அந்த வரிசை கம்மி" என்று என்னிடம் புகார் சொன்னாள். நான் சரி, பார்க்கிறேன் என்றேன். காருக்கு வந்து போனைத் திறந்தால் விலை இன்னும் ஏறியிருக்கும். உள்ளே வெறும் காற்று சுற்றச் சுற்ற வெளியே விலை ஏறிக்கொண்டே போனது. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

இனி எழுதப்போவதற்காகத்தான் இரண்டு நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன். அந்த இரண்டாவது வாரம்தான் உனக்கு மேற்படிப்பில் இடம் கிடைத்தது. கட்டணத்தின் முதல் தவணையை நீ போனில் சொன்னபோது கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னாய். "அம்மா இருக்கேன்ல" என்றேன். கம்பெனி எனக்குக் கொடுத்திருந்த ஷேரில் பாதியை மறுநாள் விற்றேன். கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த நான், அது தெரியாத யாரோ ஒருவருக்கு விற்றேன். அது குற்றம் என்று சட்டம் படிக்காதவர்களுக்கும் தெரியும், நிதிப் பொறுப்பில் இருந்த எனக்குத் தெரியாதா? உன் இரண்டு வருஷப் படிப்பு அந்தப் பணத்தில் நடந்தது.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் போனேன். வாசலில் செருப்பு வரிசையாகக் கிடந்தது. உள்ளே அடியெடுத்து வைக்கும்போது கரென்ட் போனது. விசிறி நின்றது, மெஷின்கள் ஒவ்வொன்றாக மூச்சடங்கி நின்றன. தகரக் கூரைக்குக் கீழே அரை இருட்டு. யாராவது "ஐயோ, காத்து போச்சே" என்பார்கள், எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள் என்று நின்றேன். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. நின்றுபோன மெஷினுக்கு முன்னால் எழுபத்திரண்டு கைகள் முன்போலவே போய்ப் போய் வந்துகொண்டிருந்தன. இல்லாத கம்பியை இடது கை விரலால் இழுத்துப் பிடித்து, வலது கையால் ஒழுங்கு பண்ணி, நுனியைத் திருகி, அடுத்தது. துணி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அஞ்சலைக்குப் பக்கத்தில் போய், "அஞ்சலை" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அவள் கை நிற்கவில்லை. என் வாயில் அந்தப் பேர் எப்படி வந்தது என்று தெரியவில்லை, "நிர்மலா" என்றேன். "மேடம்?" என்று உடனே திரும்பினாள். தூக்கத்திலிருந்து எழுந்தவள் மாதிரிக்கூட இல்லை, சாதாரணமாகத் திரும்பினாள்.

வெளியே ஓடி வந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கொட்டகையின் ஜன்னலோரம் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எனக்கு அவளைத் தெரியும். ஒன்பது வருஷமாகச் சம்பளப் பட்டியலில் பார்த்த பேர், யூனிட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்த முகம். அசல் நிர்மலா. யூனிட் மறுபடி ஓடுகிறது என்று ஊரில் கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

"மேடம், ஏழாவது மெஷின்ல உக்காந்திருக்கிறது யாரு?"

"புதுசா எடுத்த ஆளும்மா."

"அவங்க நெஞ்சுல எம் பேரு இருக்குது."

அவள் கோபப்படவில்லை. எதையோ சரிபார்க்கிறவள் போல மெதுவாகச் சொன்னாள். "செய்யாறு பக்கம் ஷூ கம்பெனில வேலை கெடச்சுது மேடம். அவங்க நம்ம ஆபீசுக்கு போன் போட்டு கேட்டாங்களாம். நிர்மலா இங்க வேலைக்கு வந்துக்கினுதான் இருக்காங்கன்னு சொல்லிட்டாங்களாம். என்னைய வேணான்னுட்டாங்க. சரி, பி.எஃப். பணத்தையாவது எடுக்கலாம்னு போனா, நீ வேலைய உட்ட தேதியே இல்லைன்றாங்க. எம் பொண்ணுக்கு நர்சிங் காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்குது, வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணும்." ஜன்னலுக்கு உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நான் வூட்லதான் இருக்கேன் மேடம். ஆனா எங்க போய் கேட்டாலும் நான் இங்கதான் இருக்கேன்றாங்க. எம் பேரை மட்டும் குடுத்துடுங்க, நான் போயிடறேன்."

நாளைக்கே தேதி போட ஏற்பாடு செய்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு எம்.டி.யிடம் பேசினேன். ஒருத்திக்குப் போட்டால் மற்றவர்களும் வருவார்கள், முப்பத்தாறு பேர் ஒரேயடியாக வேலையை விட்டதாகப் பதிவானால் யார் கண்ணிலாவது படும் என்றார். "இன்னும் பதினேழு நாள் மேடம். அதுக்குள்ள என்ன குடி முழுகிடப் போவுது?" நான் சரி என்றேன். தம்பி, அந்த வெள்ளிக்கிழமை என் கணக்கில் பணம் இருந்தது. உன் தவணை போக மிச்சமும் இருந்தது. அதில் அவள் மகள் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். சனிக்கிழமை காலை காபி போடும்போதுதான் தோன்றியது.

பணத்தை எடுத்துக்கொண்டு விசாரித்துக்கொண்டே அவள் வீட்டுக்குப் போனேன். "நேத்தோட சீட்டு போயிடுச்சு மேடம்" என்றாள். மகள் உள்ளறையில் இருந்தாள், வெளியே வரவில்லை. எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு நிர்மலா கேட்டாள்: "அந்தப் பொம்பள நல்லா சுத்தறாங்களா மேடம்? அந்த மெஷின் இடது பக்கம் இழுக்கும், பாத்து சுத்தணும்."

"அதுல கம்பியே இல்லம்மா" என்றேன். எல்லாவற்றையும் அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவளுக்கு ஷேரும் ஃபண்டும் புரியவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். "கம்பி இல்லாம எதை மேடம் சுத்தறாங்க?"

திங்கட்கிழமை, கணக்குகளைச் சரிபார்க்கும் குழுவின் தலைவராக இருந்த வெளி டைரக்டருக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். நான் விற்றதையும் சேர்த்து எழுதினேன். அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. கம்பெனி சந்தைக்கு அறிவிக்க வேண்டி வந்தது. விலை தினமும் விழ அனுமதித்த எல்லை வரைக்கும் விழுந்தது, வாங்க ஆளே இல்லாமல் நாள்கணக்காக விழுந்தது, நாங்கள் உண்மையாக ஏற்றிய அந்த இரண்டு மடங்கையும் தாண்டிக் கீழே போய்விட்டது. பொய்யாக ஏறியது போனால் போகட்டும், உண்மையாக உழைத்து ஏற்றியதையும் அது இழுத்துக்கொண்டு போகும் என்பதை நீ மறக்காதே. எம்.டி. போனார். நானும் போனேன், உன்னிடம் ஓய்வு எடுத்துக்கொண்டேன் என்று மட்டும் சொன்னேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிறவர்கள் விசாரித்து, நான் விற்ற பணத்தில் லாபமாக வந்ததைப் பிடுங்கி, மேலே அபராதமும் போட்டு, பல வருஷம் சந்தைப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சென்னை ஃப்ளாட்டை விற்று அதைக் கட்டினேன். ஏஜென்ட் ஏமாற்றின முப்பத்தாறு பெண்களுக்கும் அவன் வாங்கினதை என் கையிலிருந்து கொடுத்தேன். புதிதாக வந்த நிர்வாகம் பழைய பெண்களுக்கு வேலையை விட்ட தேதியைப் போட்டுச் சேரவேண்டியதைக் கொடுத்தது. நிர்மலா இப்போது ஷூ கம்பெனியில் மேற்பார்வை வேலையில் இருக்கிறாள். மகளுக்கு அடுத்த வருஷம் நர்சிங் கிடைக்கவில்லை. லேப் டெக்னீஷியன் படித்து வேலைக்குப் போகிறாள். என்னைக் கண்டால் வணக்கம் சொல்வாள், நிற்க மாட்டாள்.

நான் மலைக்காகத் திருவண்ணாமலைக்கு வந்தேன் என்று உன் சித்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாடகை கட்டுப்படியானதால் வந்தேன். அந்தப் பெண்கள் இருக்கிற பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் இருந்தது. செங்கம் ரோட்டில் காபி குடிக்கப் போனால், ஓய்வுபெற்ற யாராவது ஒருவர் மேசையில் போனை வைத்து ஷேர் விலை பார்த்துக்கொண்டிருப்பார். நான் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவேன். நான் விற்றதை அன்றைக்கு வாங்கியவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். சில நாள் எதிரே வருகிற எல்லோர் முகத்திலும் அவர் இருக்கிறார்.

போன மாதம் காலையில் அடி அண்ணாமலை பக்கம் நடந்து போனேன். ஒரு பெட்டிக்கடைக்குள் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். கடைக்காரி ஆகிவிட்டாள், கொஞ்சம் பருத்திருந்தாள். வியாபாரம் இல்லாத நேரம். மடியில் அவள் இரண்டு கைகளும் தானாக ஓடிக்கொண்டிருந்தன. இடது கையால் இழுத்து, வலது கையால் ஒழுங்கு பண்ணி, நுனியைத் திருகி. "அஞ்சலை" என்று கூப்பிட்டேன், அவள் பார்க்கவில்லை. அதற்குள் பால் பாக்கெட் வாங்க வந்த ஒரு பெண், "நிர்மலாக்கா, ரெண்டு குடு" என்றாள். உடனே எழுந்து எடுத்துக் கொடுத்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதே பேர்ல கூப்பிட்டு கூப்பிட்டு நெலச்சிடுச்சு மேடம். ரேஷன் கார்டுலதான் பழைய பேரு" என்றாள். கையைக் காட்டி என்ன இது என்று கேட்டேன். "சும்மா இருந்தா சுத்துது" என்றாள். நான் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "இந்தப் பேர நானே வெச்சுக்கலாமா மேடம்? அதால அவங்களுக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நிர்மலாவிடம் எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஷேர் விலை என்பது, இந்தக் கம்பெனி இனிமேல் எவ்வளவு சம்பாதிக்கும் என்று முன்பின் தெரியாதவர்கள் நம்புகிற நம்பிக்கை. சம்பாதிப்பது உன் கையில் இருக்கிறது. அதை நீ கூட்டலாம், கூட்டினால் நம்பிக்கை பின்னாலேயே வரும், கொஞ்சம் தாமதமாகக்கூட வரும். அந்தத் தாமதத்தைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை. மூன்று வருஷக் கெடு வைத்து உன் சம்பளத்தை விலையோடு கட்டியிருக்கிறார்கள் என்றாயே, அதை ஐந்து வருஷம், ஏழு வருஷம் என்று நீட்டச் சொல், பாதியை நீ வேலையை விட்டுப் போனபின் கொடுக்கட்டும் என்று கேள். கேட்டால் குறைவாக மதிப்பார்கள் என்று நினைக்காதே. உன் கம்பெனியின் மிகச் சின்ன யூனிட் எதுவோ, யாரிடமும் சொல்லாமல் முதலில் அங்கே போ. அங்கே இருக்கிற ஒருத்தியிடம் அவள் பேரைக் கேட்டு, அவள் சொல்கிற பேரும் பதிவேட்டில் இருக்கிற பேரும் ஒன்றா என்று பார். கெட்ட செய்தி உன் மேசைக்கு வந்த அன்றே வெளியே போகட்டும். அன்றைக்கு விழுகிற விலைக்குப் பயப்படாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது, அது கஷ்டமானது. என் மேல் போட்ட உத்தரவில் என் முழுப் பேர் இருக்கிறது, தேடினால் யாருக்கும் கிடைக்கும். நீ தேடியிருக்கலாம். தேடிப் பார்த்துவிட்டு இத்தனை வருஷம் என்னைக் கேட்காமல் இருக்கிறாயோ என்றும் சில நேரம் நினைப்பதுண்டு. எப்படியிருந்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் உன் போர்டு தலைவரிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. என் அம்மா இன்ன காரியம் செய்தவள், என் படிப்பு அந்தப் பணத்தில் நடந்தது என்று சொல். அவர் சரி என்றால் நிம்மதியாக வேலையைப் பார். வேண்டாம் என்றால் கிளம்பி வந்துவிடு. இந்த வீட்டில் இரண்டு அறை இருக்கிறது, ஒன்றில் நான் அரிசி மூட்டைதான் போட்டு வைத்திருக்கிறேன். என் மேல் கோபம் வந்தால் அந்தக் கோபத்தோடேயே வா. பேருந்து நிலையத்துக்கு நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா